ஒரு ஒற்றெழுத்து தொலைந்த கதை: மனிதர் செய்யும் வேலைகளைத் திறமூல மென்பொருளில் கட்ட ஒரு தொடக்க வழிகாட்டி

பத்தமடைப் பட்டுப்பாயில் மணமக்கள் பெயரை நெய்து கொடுப்பார்கள், கல்யாணத் தேதியும் சேர்த்து. கோரையை ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய இழையாகக் கிழித்து, தறியில் ஏற்றி நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். சில வருஷங்களுக்கு முன்னால் அங்கே ஒரு பாய்க் கடைக்கு இணையத்தில் ஆர்டர் எடுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். ஆர்டர் வரும். பணம் வந்ததைப் பணச் சேவை உறுதி செய்யும். கோரையும் சாயமும் இருக்கிறதா என்று இருப்புச் சேவை பார்க்கும். அப்புறம் ‘பெயரைச் சரிபார்க்கவும்’ என்று கடையின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி போகும்.

குழுவில் நாலு பேர். நாலு பேரும் செய்தியைப் பார்த்தார்கள். மற்றவர் யாராவது சரிபார்த்திருப்பார் என்று நாலு பேருமே நினைத்துவிட்டார்கள். படிவத்தில் ‘சண்முகபிரியா’, கல்யாணப் பத்திரிகையில் ‘சண்முகப்பிரியா’. ஒரு ‘ப்’ குறைந்த பாய் தறியை விட்டு இறங்கி, கல்யாண வீட்டுக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. மூன்று வாரம் குனிந்து நெய்த ஒருத்தியின் உழைப்பு அது.

கடைக்கார அண்ணாச்சி திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்த வேல யாரு கையில இருந்துச்சு தம்பி?” என்னிடம் பதில் இல்லை. உண்மையில் அது யார் கையிலும் இல்லை. அந்தக் கேள்விக்கு எப்போது கேட்டாலும் பதில் சொல்கிற மாதிரி ஒரு அமைப்பைக் கட்டுவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாளையங்கோட்டையிலோ கங்கைகொண்டானிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்து, ‘இதில் ஒரு அப்ரூவல் வை’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு முழித்துக்கொண்டிருக்கும் ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

காத்திருப்பது என்பதே ஒரு வேலை

சேவைகளாகப் பிரித்துக் கட்டிய அமைப்பில் ஒரு சேவை இன்னொன்றை அழைத்தால் கண் இமைக்கும் முன் பதில் வந்துவிடும். மனிதர் பதில் சொல்ல ஒரு மணி நேரமும் ஆகலாம், நாலு நாளும் ஆகலாம். அதுவரை ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருக்க முடியாது. நடுவில் சர்வர் நின்று மறுபடி எழுந்தாலும் காத்திருப்பு தொலையக் கூடாது. ஆகவே அந்தக் காத்திருப்பு தரவுத்தளத்தில் ஒரு வரியாக உட்கார வேண்டும்: என்ன வேலை, யார் செய்யலாம், யார் எடுத்திருக்கிறார், எப்போதைக்குள் முடிக்க வேண்டும் என்ற விவரங்களோடு.

இதற்காகப் பலரும் ஆர்டர் அட்டவணையில் ‘நிலை’ என்று ஒரு கட்டத்தைச் சேர்த்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நினைவூட்டல், கைமாற்றம், விடுப்பில் போனவரின் வேலையைத் திரும்ப எடுப்பது என்று ஒவ்வொன்றாக வரும்போது அந்த ஒரு கட்டம் தாங்காது. கடைசியில் ஒரு டாஸ்க் இன்ஜினை, அதாவது வேலைகளை யார் கையில் இருக்கிறது என்று கண்காணித்து நகர்த்தும் மென்பொருளை, நீங்களே அரைகுறையாக எழுதி முடித்திருப்பீர்கள். நல்லதாகவே ஒன்று இலவசமாகக் கிடைக்கும்போது அந்தப் பாடு வேண்டாம்.

பெரிய நிறுவனங்களும் இதே சிக்கலில் மாட்டியவைதான். 2007 ஏப்ரலில் மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பு பிபெல் 2.0 தரத்தை வெளியிட்டது. சேவைகளை வரிசையாகக் கோக்கும் மொழி அது. அதில் மனிதருக்கு இடமே இல்லை. அந்தக் குறையை நிரப்ப அதே ஆண்டு ஐபிஎம், எஸ்ஏபி, ஆரக்கிள் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து டபிள்யூஎஸ்-ஹியூமன்டாஸ்க் என்ற வரையறையை எழுதின. 2010-ல் அதை ஓயாசிஸின் குழு ஒன்று தன் வரையறையாக வெளியிட்டது. எக்ஸ்எம்எல் குவியலாக இருப்பதால் இன்று அதை அப்படியே பயன்படுத்துபவர்கள் குறைவு. ஆனாலும் அதிலுள்ள இரண்டு பகுதிகளைப் புதியவர்கள் கட்டாயம் படிக்கச் சொல்வேன். ஒன்று, வேலையின் நிலைகள்: ரெடி என்றால் யாரும் எடுக்கலாம், ரிசர்வ்டு என்றால் ஒருவர் எடுத்துவிட்டார், இன்-ப்ராக்ரஸ், கம்ப்ளீட்டட் என்று போகும். இன்னொன்று, மனிதர்களின் பங்கு: செய்யத் தகுதியுள்ளவர்கள், இப்போது கையில் வைத்திருப்பவர், செய்யவே கூடாதவர்கள், தகராறு வந்தால் தீர்க்கும் நிர்வாகி. இந்த நாலு பங்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் படி நோட்டுப்புத்தகம்

எந்த மென்பொருளையும் இறக்க வேண்டாம். வேலை நடக்கும் இடத்துக்குப் போய் உட்காருங்கள். இரண்டாம் முறை நான் பத்தமடைக்குப் போனது அப்படித்தான். ஒரு நாள் முழுக்கக் கடையில் இருந்து, எந்தெந்த இடத்தில் ஒரு மனிதர் முடிவெடுக்கிறார் என்று எழுதினேன். நான் மூன்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஏழு இருந்தன. சாயம் ஏறிய கோரையின் நிறம் கேட்ட நிறமா என்று பார்ப்பது ஒரு தனி முடிவு என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

பெயர் சரிபார்ப்பை மட்டும் கிட்டே வைத்துப் பார்ப்போம். யார் செய்யலாம்? கணக்குப் பார்ப்பவரும் பேக்கிங் பார்க்கும் அக்காவும். யார் செய்யக் கூடாது? ஆர்டரைப் போனில் கேட்டுப் படிவத்தில் ஏற்றியவர். தான் எழுதிய பிழை தன் கண்ணுக்குப் படாது. எதைப் பார்த்துச் சரிபார்ப்பது? கல்யாணப் பத்திரிகையின் படம். என்ன பதில்கள் வரலாம்? ‘சரி’, ‘தவறு’ என்று இரண்டு போதும் என்று நினைத்தேன். அக்கா சொன்னாள்: “பத்திரிகையிலயே மேல ஒரு மாதிரி, கீழ ஒரு மாதிரி இருக்கும் தம்பி. வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டாத்தான் உண்டு.” ஆகப் பதில் மூன்று: சரி, திருத்தினேன், கேட்க வேண்டும். எத்தனை நாளைக்குள்? ஒரு நாள். தாண்டினால் யாரிடம் சொல்ல? அண்ணாச்சியிடம்.

ஒவ்வொரு மனித வேலைக்கும் இப்படி ஒரு பக்கம் எழுதுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேரே வேலைப்போக்குப் படம் வரையப் போனவர்கள் எல்லாரும் திரும்ப இங்கேதான் வந்தார்கள்.

எந்த இன்ஜின்

வேலைப்போக்கைப் படமாக வரையும் தரம் பிபிஎம்என். 2011 ஜனவரியில் ஓஎம்ஜி என்ற தர அமைப்பு வெளியிட்ட அதன் 2.0 பதிப்பு வந்த பிறகு, மனிதர் செய்யும் வேலையைக் குறிக்கும் ‘யூசர் டாஸ்க்’ என்பது வரைபடத்தின் ஒரு அங்கமாகவே ஆகிவிட்டது. இன்று திறமூலத்தில் கிடைக்கும் முக்கியமான ஜாவா இன்ஜின்கள் பலவும் ஒரே குடும்பம். ஜேபிபிஎம் என்ற முந்தைய இன்ஜினைத் தொடங்கிய டாம் பேயன்ஸ் 2010-ல் ஆக்டிவிட்டி என்ற இன்னொன்றைத் தொடங்கினார். அதிலிருந்து 2013-ல் கமுண்டாவும் 2016-ல் ஃப்ளோவபிளும் பிரிந்தன.

உரிமம் பற்றி ஒரு எச்சரிக்கை. கமுண்டா 7-ன் இலவசப் பதிப்பு 2025 அக்டோபரில் வந்த 7.24-உடன் முடிந்துவிட்டது. கமுண்டா 8-ஐ உங்கள் சர்வரில் வைத்து உண்மையான வேலைக்கு ஓட்ட, 8.6 பதிப்பு முதல் பணம் கட்டிய உரிமம் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களைப் பார்த்துவிட்டு இதைக் கவனிக்காமல் இறங்கிவிடாதீர்கள். கமுண்டா 7-ன் மூலநிரலிலிருந்து கிளைத்து வளர்வது ஆப்பரேட்டன். அப்பாச்சி 2.0 உரிமம். கமுண்டா 7-க்கு எழுதிய பாடங்கள் பெரும்பாலும் அதற்கும் பொருந்தும். ஃப்ளோவபிளுக்கும் அதே உரிமம்தான், அதுவும் உறுதியான இன்ஜின். ஆனால் அதன் 7-ஆம் பதிப்பிலிருந்து திறமூலத் தொகுப்பில் திரைகள் வருவதில்லை, இன்ஜினும், மற்ற நிரல்கள் அதை அழைக்கும் வழியான ரெஸ்ட் ஏபிஐயும் மட்டும்தான். புதியவர் கண்ணால் பார்த்துக் கற்க ஆப்பரேட்டன் எளிது. இனிமேல் சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

ஓட்டிப் பார்ப்பது

இது சின்ன வேலை. ஜாவா 17 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆப்பரேட்டன் ரன் தொகுப்பை இறக்கி, பிரித்து, உள்ளே இருக்கும் ஸ்டார்ட் கோப்பை ஓட்டினால் போதும். டாக்கர் பழக்கமென்றால் அதற்கும் இமேஜ் இருக்கிறது. உலாவியில் 8080 போர்ட்டைத் திறந்து, பெயர், கடவுச்சொல் இரண்டுக்கும் ‘டெமோ’ என்று ஆங்கிலத்தில் கொடுத்து உள்ளே போகலாம். மூன்று திரைகள் முக்கியம்: வேலை செய்பவருக்கு டாஸ்க்லிஸ்ட், கண்காணிப்பவருக்கு காக்பிட், ஆட்களையும் குழுக்களையும் சேர்க்க அட்மின்.

தொடக்கத்தில் தரவு எல்லாம் எச்2 என்ற சிறிய தரவுத்தளத்தில் இருக்கும். டாக்கர் கண்டெய்னரை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். பழகிய மறுநாளே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியதும் அட்டவணைகளின் பெயர்களைப் பாருங்கள். எல்லாம் ‘ஆக்ட்’ என்று தொடங்கும். ஆக்டிவிட்டி காலத்து முன்னொட்டு இத்தனை கிளை பிரிந்தும் அப்படியே நிற்கிறது. இப்போது யார் கையில் என்ன இருக்கிறது என்பது ‘ஆக்ட் ஆர்யூ டாஸ்க்’ என்ற ஒரே அட்டவணையில் இருக்கும். அண்ணாச்சியின் கேள்விக்குப் பதில் அந்த அட்டவணையின் ‘அசைனி’ (வேலையைக் கையில் வைத்திருப்பவர்) கட்டம்.

வரைவது, குழுவுக்குக் கொடுப்பது

கமுண்டா மாடலர் என்ற வரையும் கருவி தனியாக, இலவசமாகக் கிடைக்கிறது. அதில் கமுண்டா 7 வகைக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். நோட்டில் எழுதிய ஏழில் ஒன்றை மட்டும் வரையுங்கள். ஆர்டர் வந்தது என்ற தொடக்க வட்டம், ‘பெயர் சரிபார்ப்பு’ என்ற யூசர் டாஸ்க், மூன்று பதிலுக்கும் வழி பிரியும் ஒரு கேட்வே. கேட்வேயில் எந்த வழியும் பொருந்தாவிட்டால் இன்ஜின் பிழை கொடுக்கும். ஆகவே ஒரு வழியை ‘டிஃபால்ட்’ என்று குறியுங்கள். எங்களுக்கு அது ‘கேட்க வேண்டும்’.

அந்த யூசர் டாஸ்க்கில் ஒரு ஆளின் பெயரை நேராக எழுதாதீர்கள். ‘கேண்டிடேட் குரூப்’ என்ற இடத்தில் குழுவைக் கொடுங்கள். குழுவின் அடையாளம் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், திரையில் தெரியும் பெயர் தமிழில் இருக்கட்டும். ஆள் மாறுவார்கள், குழு மாறாது.

வாட்ஸ்அப் குழுவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கேயும் நாலு பேருக்குத்தானே போனது? வித்தியாசம் ‘க்ளெய்ம்’ என்ற ஒரு செயலில் இருக்கிறது. குழுவில் யாராவது க்ளெய்ம் செய்த நொடியில் வேலை அவர் பெயருக்கு மாறிவிடும், மற்றவர்களின் குழுப்பட்டியலிலிருந்து விலகிவிடும். ஒரே நேரத்தில் இன்னொருவரும் அழுத்தினால் அவருக்குப் பிழை வரும். முடியவில்லை என்றால் ‘அன்க்ளெய்ம்’ செய்து குழுவுக்கே திருப்பலாம். ‘டெலிகேட்’ செய்தால் வேறொருவர் பார்த்துக் கொடுத்துவிட்டு வேலை திரும்ப உங்களிடமே வரும்.

சொந்தத் திரை எழுதும்போது ரெஸ்ட் ஏபிஐயில் ‘அசைனி’யை நேராக மாற்றும் அழைப்பும் இருப்பதைப் பார்ப்பீர்கள். அதைத் தொடாதீர்கள். அது ஏற்கெனவே ஒருவர் எடுத்திருக்கிறாரா என்று பார்க்காமல் பெயரை மாற்றி எழுதிவிடும். க்ளெய்ம்தான் பார்க்கும்.

டபிள்யூஎஸ்-ஹியூமன்டாஸ்க்கில் இருந்த ‘செய்யக் கூடாதவர்’ என்ற பங்கு பிபிஎம்என்-ல் இல்லை. நாமே கட்ட வேண்டும். ஆர்டரைப் பதிந்தவரின் பெயரை ஒரு மாறியாக (வேரியபிள்) வைத்துக்கொண்டு, வேலை ஒருவர் பெயருக்கு மாறும் தருணத்தில் ஓடும் டாஸ்க் லிஸனர் என்ற சின்ன நிரலில் இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் பிழை எறியுங்கள். க்ளெய்ம் செல்லாமல் போய்விடும். பத்து வரி நிரல்தான்.

மாறிகளில் எதை வைப்பது என்பதிலும் கட்டுப்பாடு வேண்டும். பத்திரிகையின் படத்தை இன்ஜினுக்குள் திணிக்காதீர்கள், அது இருக்கும் இடத்தின் முகவரி போதும். ஆர்டர் எண்ணை ‘பிசினஸ் கீ’யாக, அதாவது தேடி எடுக்கும் அடையாளமாக, வையுங்கள். சர மாறிக்கு 4000 எழுத்துக்குறிதான் எல்லை. தமிழில் ‘ப்’ என்ற ஒரு எழுத்தே இரண்டு குறியாக எண்ணப்படும் என்பதால் அந்த எல்லை நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் வரும்.

தவணை தானாக ஓடாது

நான் நேரத்தை அதிகம் தொலைத்த இடம் இது. டாஸ்க்கில் ‘டியூ டேட்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் தேதி கொடுத்தால் அந்தத் தேதி தாண்டியதும் ஏதாவது நடக்கும் என்று நம்பினேன். ஒன்றும் நடக்காது. அது பட்டியலை வரிசைப்படுத்தவும் சல்லடை போடவும் உதவும் ஒரு தகவல், அவ்வளவுதான். நிஜமாகவே மணி அடிக்க வேண்டுமென்றால் யூசர் டாஸ்க்கின் ஓரத்தில் ஒரு டைமர் நிகழ்வை ஒட்ட வேண்டும். கால அளவை ஆங்கிலக் குறியில் எழுத வேண்டும். ஒரு நாள் என்றால் ‘பி1டி’.

ஒட்டும்போது இரண்டு வகை இருக்கும். முழுக்கோட்டு வட்டம் என்றால் டைமர் அடித்ததும் வேலையே ரத்தாகிவிடும். புள்ளிக்கோட்டு வட்டம் என்றால் வேலை அப்படியே இருக்க, பக்கத்தில் இன்னொரு வழி தொடங்கும். அண்ணாச்சிக்குச் செய்தி அனுப்பப் புள்ளிக்கோடுதான் சரி. முழுக்கோட்டை வைத்தால், பாதி சரிபார்த்துக்கொண்டிருக்கும் அக்காவின் கையிலிருந்து வேலை மறைந்துவிடும்.

இன்ஜினுக்கு ஒரு நாள் என்றால் 24 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை தெரியாது, வெள்ளி மதியம் ஜும்மா நேரம் தெரியாது, நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை என்பதும் தெரியாது. நான் ஒரு சின்ன விடுமுறை அட்டவணை வைத்து, எப்போது மணி அடிக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த நேரத்தை மாறியாக டைமருக்குக் கொடுக்கிறேன். நேர வலயத்தையும் பாருங்கள். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், நீங்கள் காலை 9 என்று வைத்த நினைவூட்டல் இங்கே மதியம் 2:30-க்கு வரும்.

‘முடிச்சேன், மறுபடி வந்து நிக்கி’

ஓட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே இந்தப் புகார் வரும். அக்கா ‘சரி’ என்று முடிக்கிறாள். திரையில் பிழை. வேலை மறுபடியும் அவள் பட்டியலிலேயே இருக்கிறது. அவள் செய்ததில் தவறே இல்லை.

காரணம் இது. இன்ஜின் ஒவ்வொரு காத்திருப்பு இடத்திலும்தான் நிலையைத் தரவுத்தளத்தில் எழுதும். ஒருவர் வேலையை முடித்ததும், அடுத்த காத்திருப்பு வரையுள்ள எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனையாக ஓட்டிப் பார்க்கும். நடுவில் இருப்புச் சேவை படுத்துக் கிடந்தால் எல்லாம் பின்னுக்குப் போய், கடைசியாக எழுதிய நிலைக்கு வந்து நிற்கும். அந்த நிலை அக்காவின் டாஸ்க். அடுத்த சேவையின் கோளாறு அவள் தலையில் விழுகிறது.

தீர்வு எளிது. யூசர் டாஸ்க்கை அடுத்து வரும் சேவைப் படியில் ‘அசிங்க்ரோனஸ் பிஃபோர்’ என்ற குறியைப் போடுங்கள். அங்கே இன்ஜின் நிலையை எழுதிவிட்டு அக்காவுக்கு உடனே ‘முடிந்தது’ என்று சொல்லிவிடும். சேவையை அழைப்பது பின்னணியில் நடக்கும். விழுந்தால் மூன்று முறை வரை முயலும், அதற்கும் மேல் விழுந்தால் காக்பிட்டில் ஒரு ‘இன்சிடென்ட்’ ஆகத் தெரியும். அதைப் பார்க்க வேண்டியது நீங்கள், அக்கா அல்ல. மனிதர் கைவைத்த ஒவ்வொரு படிக்குப் பின்னாலும் இந்தக் குறி இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

சேவைகள் வேறு மொழியில் எழுதப்பட்டிருந்தால் ‘எக்ஸ்டர்னல் டாஸ்க்’ முறை இன்னும் நல்லது. இன்ஜின் யாரையும் அழைக்காது. உங்கள் பைத்தான் நிரலே வந்து, எனக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டு, சில நொடிகளுக்குப் பூட்டி எடுத்துக்கொண்டு, முடித்துச் சொல்லும். மனிதருக்கு க்ளெய்ம் எப்படியோ இயந்திரத்துக்கு இந்தப் பூட்டு அப்படி.

பூட்டாமல் திறந்து விடாதீர்கள்

ஒரு சோதனை செய்து பாருங்கள். அனுமதிச் சரிபார்ப்பு இல்லாத அமைப்பில், ஒரு டாஸ்க்கை க்ளெய்ம் செய்யாமலேயே ரெஸ்ட் ஏபிஐ வழியாக ‘கம்ப்ளீட்’ அழைப்பை அனுப்புங்கள். முடிந்துவிடும். முடிப்பவர்தான் எடுத்தவரா என்று இன்ஜின் கேட்பதில்லை. கேண்டிடேட் குரூப் என்பது யாருடைய பட்டியலில் காட்டுவது என்பதற்கான குறிப்பு, அதைப் பூட்டு என்று நம்பாதீர்கள். ரன் தொகுப்பின் தொடக்க அமைப்பில் ரெஸ்ட் ஏபிஐ கடவுச்சொல்கூடக் கேட்காது.

ஆகவே உண்மையான ஆர்டர் உள்ளே வரும் முன் ரெஸ்ட் ஏபிஐக்கு உள்நுழைவை இயக்குங்கள், டெமோ ஆளை நீக்குங்கள், 8080 போர்ட்டை வெளியுலகத்துக்குத் திறக்காதீர்கள். உங்கள் சொந்தத் திரையின் சர்வர் நடுவில் நின்று, கேட்பவரும் எடுத்தவரும் ஒருவரே என்று பார்த்த பிறகே கம்ப்ளீட் அனுப்பட்டும். உள்நுழைவு இருந்தால்தான் யார் எப்போது எடுத்தார், யார் முடித்தார் என்ற பதிவிலும் சரியான பெயர் விழும்.

திரை, அப்புறம் நடைமுறை

டாஸ்க்லிஸ்ட் திரை கற்க நல்லது, கடையில் வேலை செய்பவர்களுக்கு அது கனம். நாங்கள் கைப்பேசிக்கு ஒரு பக்கம் எழுதினோம். மேல் பாதியில் பத்திரிகையின் படம். கீழே படிவத்தில் உள்ள பெயர், எழுத்தெழுத்தாகக் கட்டம் போட்டு, பெரிதாக: ச, ண், மு, க, ப், பி, ரி, யா. எட்டுக் கட்டம். ஒற்று ஒன்று குறைந்தால் கட்டம் ஏழாகிவிடும், கண்ணில் குத்தும். கீழே மூன்று பொத்தான்கள். வேறு எதுவும் இல்லை. இந்த மொத்த வேலையில் எனக்கு அதிக மனநிறைவு தந்தது அந்தக் கட்டங்கள்தான்.

ஓட ஆரம்பித்த பிறகு வரைபடத்தை மாற்ற வேண்டி வரும். புதிய படத்தை ஏற்றினால் அது இரண்டாம் பதிப்பாகச் சேரும். ஏற்கெனவே தறியில் இருக்கும் ஆர்டர்கள் முதல் பதிப்பின் வழியிலேயே போய் முடியும், நீங்கள் தனியாக மாற்றினால் ஒழிய. அது நல்லதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் பழைய பதிப்பு அழைக்கும் சேவையை அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் நோட்டும் இன்ஜினும் இரண்டும் ஓடட்டும். தினமும் மாலையில் காக்பிட்டைத் திறந்து, யாரும் எடுக்காமல் கிடக்கும் வேலைகளை மட்டும் பாருங்கள். ஒரே வகை வேலை திரும்பத் திரும்பக் கிடந்தால் குழுவைத் தவறாகப் பிரித்திருக்கிறீர்கள். எங்களுக்கு நிறம் பார்க்கும் வேலை அப்படிக் கிடந்தது. கடையில் இருந்தவர்களுக்கு அதைக் கொடுத்திருந்தேன். அதைச் சொல்லக்கூடியவர்கள் நெய்பவர்கள்தான் என்று அக்கா சொன்னாள். அவர்களில் மூன்று பேரைக் குழுவில் சேர்த்து, கைப்பேசிப் பக்கத்தைக் காட்டிக் கொடுத்த அன்று சாயங்காலமே பட்டியல் காலியாகிவிட்டது.